ஆடத் தெரியாதவளும் கோணல் கூடமும்: கொலராடோ ராக்கீஸ்

43 வெற்றி, 119 தோல்வி. 2025 சீசனில் டென்வர் நகரத்து பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ் எடுத்த ரன் 597, விட்டுக்கொடுத்தது 1,021. கழித்தால் மைனஸ் 424. 1932இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் மைனஸ் 349 வாங்கியிருந்தது. 1900க்குப் பிறகு அதுவரை அதைவிடக் கேவலமான கணக்கு அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் இருந்ததில்லை. 93 வருஷம் பத்திரமாக இருந்த அந்த அவமானத்தை டென்வர்க்காரர்கள் வாங்கித் தங்கள் தலையில் சூட்டிக்கொண்டார்கள், அதுவும் 75 ரன் கூடுதலாக, தள்ளுபடி கேட்காமல்.

ஏன் இந்தத் தோல்வி என்று கேட்டால், டென்வர் உயரமான ஊர் என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கூடம் கொஞ்சம் கோணல்தான், அதை மறுக்கவில்லை. ராக்கீஸின் சொந்த மைதானமான கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. மேல் அடுக்கில் 20ஆவது வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருப்பார்கள். அந்த வரிசை சரியாக ஒரு மைல், 5,280 அடி. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 82 சதவீதம். மற்ற மைதானத்தில் 400 அடி தூரம் பறக்கும் பந்து இங்கே 420ஐத் தாண்டும். எல்லாரும் பேசுவது இந்த ஹோம்ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) கதையைத்தான். அடிவயிற்றைக் கலக்குவது வேறு.

ஒரு கர்வ்பாலை, அதாவது வளைந்து இறங்கும் பந்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பிட்சர் (பந்து வீசுபவர்) பந்துக்கு முன்பக்கமாகச் சுழற்சி கொடுத்து விடுகிறார். சுழலும் பந்து காற்றைப் பிடித்துத் தள்ளுவதால்தான் அது பேட்டர் நிற்கும் தட்டின் முன்னால் சட்டென்று இறங்குகிறது. பிடிக்கக் காற்றே குறைவு என்றால் இறக்கமும் குறைவு. கடல்மட்டத்தில் 18 அங்குலம் வளையும் பந்து டென்வரில் 15 அங்குலத்தோடு நின்றுவிடும். மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். பேட்டின் மிகத் தடித்த இடமே அதிகபட்சம் 2.61 அங்குலம்தான். பேட்டுக்கு அடியில் நழுவ வேண்டிய பந்து பேட்டின் நட்டநடுவில் வந்து உட்காருகிறது. நேராக வீசும் ஃபாஸ்ட்பாலுக்கும் இதே கதி: பின்சுழற்சியால் விழாமல் மிதந்து வர வேண்டிய பந்து இங்கே தொய்ந்துவிடுகிறது.

1999இல் இந்த ஒரு மைதானத்தில் மட்டும் 303 ஹோம்ரன். டென்வரின் வறட்சியில் பந்து காய்ந்து, சுருங்கி, கல்லாகி, கையில் வழுக்கும். வேட்டைக்குப் போட்டுப் போன தோல் பூட்ஸ் காய்ந்து இறுகியதைப் பார்த்த ஸ்டேடியத்து எலக்ட்ரீஷியன் ஒருவருக்குத்தான், பந்தும் தோல்தானே என்று பொறி தட்டியது. 2002இல் ஹ்யூமிடார் வந்தது: 70 டிகிரி ஃபாரன்ஹீட், 50 சதவீத ஈரப்பதம் வைத்த அறை. பந்தின் துள்ளல் குறைந்தது, பிடி கிடைத்தது. வளைவு மட்டும் திரும்பவில்லை, ஏனென்றால் பந்தை நனைக்கலாம், காற்றை நனைக்க முடியாது. இந்த அணியின் வரலாற்றில் உருப்படியான ஒரே கண்டுபிடிப்பு இதுதான். அதையும் 2022 முதல் 30 மைதானங்களிலும் வைத்துவிட்டார்கள்.

ஹோம்ரனைக் கட்டுப்படுத்த மைதானத்தை முதலிலேயே அகலமாகக் கட்டினார்கள்: இடப்பக்கம் 347 அடி, நடுவில் 415, வலப்பக்கம் 350. விளைவு, வேலிப் பக்கம் காவல் நிற்கும் அவுட்ஃபீல்டர்கள் இன்னும் பின்னால் போய் நிற்க, அவர்களுக்கு முன்னால் பந்து பொத்துப் பொத்தென்று விழுகிறது. ஆகவே இங்கே பேட்டில் பட்ட பந்து ஒவ்வொன்றும் ஆபத்து. பேட்டில் படாமல் ஆளை வெளியேற்றும் (அதுதான் ஸ்ட்ரைக்அவுட்) பிட்சருக்கு மற்ற ஊரைவிட இங்கே இரட்டிப்பு மதிப்பு. இந்த எளிய கணக்குப்படி ஸ்ட்ரைக்அவுட் பிட்சர்களைத் தேடித் தேடிப் பிடித்திருக்க வேண்டும். ராக்கீஸோ சமீப வருஷங்களில் ஸ்ட்ரைக்அவுட்டில் லீகின் அடிமட்டத்தில்தான். 2025இல் முதலில் இறங்கி வீசும் பிட்சர்களின் ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குத் தங்கள் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, 6.65. அந்தக் கணக்கு அதிகாரபூர்வமான 1913 முதல் இன்றுவரை அதைவிட மோசம் இல்லை.

என்ன வீசலாம்? போகும் திசையிலேயே தோட்டா மாதிரிச் சுழலும் ஸ்லைடர் இருக்கிறது. காற்று அதைத் தள்ளுவதே குறைவு, புவியீர்ப்பில் விழுகிற பந்து, ஆகவே டென்வரில் அதிகம் இழப்பதில்லை. வேகத்தில் எட்டுப் பத்து மைல் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப்புக்கும் உயரம் ஒரு பொருட்டல்ல. இதற்கேற்ப ஆள் எடுத்து, சின்ன வயதிலேயே பழக்கியிருக்கலாம். இவர்கள் செய்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். 2012இல், சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, முறை வைத்து மேட்சைத் தொடங்கும் ஐந்து பிட்சர்களை நான்காக்கி, ஆளுக்கு 75 பந்துதான் என்றார்கள். மிச்ச இன்னிங்ஸ் எல்லாம் புல்பென் (பிறகு இறங்கும் மாற்றுப் பிட்சர்கள்) தலையில் விழுந்து, அவர்கள் கை ஓய்ந்தது. 64 வெற்றி, 98 தோல்வியில் சீசன் முடிந்தது, யோசனையும் பரணில் ஏறியது. யோசனை தப்பில்லை என்பதே என் கருத்து. நடுவழியில், அதற்கென்று ஆள் சேர்க்காமல் செய்ததுதான் தப்பு.

முடியாத காரியமும் இல்லை. 2010இல் ராக்கீஸ் பிட்சர் உபால்டோ ஹிமெனெஸ் 19 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 2.88. 2018இல் டென்வரிலேயே பிறந்து வளர்ந்த கைல் ஃப்ரீலேண்ட் 17 வெற்றி, 2.85. சொந்த மைதானத்தில் மட்டும் பார்த்தால் அவர் கணக்கு அதைவிட நன்றாக இருந்தது.

பேட்டர்களின் கஷ்டம் தனி. வீட்டில் பத்து நாள் தொய்ந்த ஃபாஸ்ட்பாலைப் பார்த்துப் பழகிய கண், கடலோரச் சான் டியேகோ போய் இறங்கியதும் ஏமாறுகிறது. அதே வேகம், ஆனால் பந்து எதிர்பார்த்ததைவிட மேலே வருகிறது, பேட் அடியில் வீசுகிறது. பயிற்சி மெஷினில் சுழற்சியைக் கூட்டி, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அந்தப் பந்தைக் கண்ணுக்குக் காட்டிப் பழக்கலாம். 1993இல் பிறந்த அணிக்கு இதெல்லாம் அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும்.

உயரத்தின் மேல் போட முடியாத பழிகளும் உண்டு. பேட்டர் டி.ஜே. லெமேஹியூவை 2018 முடிவில் போகவிட்டார்கள். 2020இல் அவர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம் வென்றார். நட்சத்திர ஆட்டக்காரர் நோலன் அரெனாடோவுக்கு 2019இல் 26 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, இரண்டே வருஷத்தில் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்தார்கள். கூடவே சுமார் 5 கோடி டாலரும் கொடுத்தார்கள், சீர் வைத்த மாதிரி. ஜான் கிரே இன்னும் மோசம். டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் முறை) மூன்றாவது ஆளாக எடுத்து, இந்த உயரத்திலேயே வளர்த்த பிட்சர். 2021இல் வேறு ஆளுக்கு மாற்றி டிரேடும் செய்யவில்லை, குவாலிஃபையிங் ஆஃபர் என்ற ஒரு வருஷ ஒப்பந்தமும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், அவர் மறுத்துப் போனாலும் பதிலுக்கு ஒரு டிராஃப்ட் இடமாவது மிஞ்சியிருக்கும். 2023 வேர்ல்ட் சீரீஸ் இறுதிப்போட்டியின் மூன்றாவது மேட்சில் டெக்சாஸ் பிட்சர் ஷெர்சர் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேற, மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி டெக்சாஸைக் காப்பாற்றியது அதே கிரேதான். மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது? கிரிஸ் பிரையன்ட், ஏழு வருஷம், 18.2 கோடி டாலர். முதல் நான்கு வருஷத்தில் ஆடியது 170 மேட்ச். பாவம், முதுகுத்தண்டுப் பிரச்சினை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது.

உயரம்தான் காரணம் என்பவர்கள் 2025 மே 10ஆம் தேதி கூர்ஸ் ஃபீல்ட் மேட்சை மறுபடி பார்க்கட்டும். சான் டியேகோ 21, ராக்கீஸ் 0. எதிரணியின் ஸ்டீஃபன் கோலெக் ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி முடித்தார். அதே 5,200 அடி, அதே காற்று, அதே ஹ்யூமிடாரிலிருந்து வந்த பந்து. மறுநாள் ராக்கீஸ் 9-3 என்று ஜெயித்தது, ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை அனுப்பிவிட்டார்கள். அப்போது கணக்கு 7 வெற்றி, 33 தோல்வி. அவருக்குப் பதில் வேறு யார் நின்றிருந்தாலும் அந்தப் பிட்சிங்கை வைத்து அதைத்தான் பார்த்திருப்பார்கள்.

இத்தனைக்கும் அந்த வருஷம் 24 லட்சம் டிக்கெட். கோடை மாலை, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன், கையில் பீர். மேல்மாடி பார்ட்டி டெக்கில் ஸ்கோர்போர்டைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. அரங்கம் நிறைகிற வரை அணியின் உரிமையாளரான மான்ஃபோர்ட் குடும்பத்துக்கு அவசரம் என்ன?

ஒருவழியாக 2025 நவம்பரில் அணியை நிர்வகிக்கப் பால் டிபொடெஸ்டாவை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். பத்து வருஷமாகக் கிளீவ்லாந்தில் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் இருந்தவர். அவருக்குக் கிடைத்த முதல் பரிசைப் பாருங்கள். மற்ற அணிகளின் வருமானத்தில் பங்கு வாங்கும் அணி, முதல் சில டிராஃப்ட் இடங்களை மோசமான அணிகளுக்குக் குலுக்கிக் கொடுக்கும் லாட்டரியில் தொடர்ந்து மூன்று வருஷம் இடம் பெறக் கூடாது என்று விதி. 2024இல் மூன்றாவது, 2025இல் நான்காவது இடத்தில் எடுத்தாகிவிட்டது. ஆகவே 119 தோல்விக்கு 2026இல் கிடைத்தது பத்தாவது இடம்.