ஒரு ‘த’ படுத்தும் பாடு

கிளிநொச்சி டிப்போச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பக்கத்து வீட்டு அண்ணை தன் ஆங்கிலக் காணிக் கடிதத்தை நீட்டினார். “தம்பி, ஒருக்காப் பாரும்.”

‘ஐ மெட் டிவிஷனல் செக்ரட்டரி’ என்றிருந்தது. பதவி தனியே நின்றால் முன்னால் ‘த’ (ஆங்கில ‘the’) வேண்டும், பெயரோடு வந்தால் வேண்டாம் என்றேன். ‘த பிரெசிடென்ட்’, ஆனால் ‘பிரெசிடென்ட் லிங்கன்’. விளிக்கும்போதும் இல்லை: ‘டியர் பிரைம் மினிஸ்டர்’. சரி என்று தலையாட்டினார். முறைப்படி எழுதினால், கிறிஸ்தவச் சுவாமிமாருக்குப் போடும் ‘த ரெவரண்ட்’ பெயரோடும் ‘த’ வாங்கும் என்றதும் முகம் மாறிவிட்டது.

“சுவாமிமாருக்கு மட்டும் என்ன சலுகை?”

எனக்கும் அது நியாயமாகப் படவில்லைதான். தமிழில் இந்தக் கரைச்சல் இல்லை. ‘அந்தப் பிரதேச செயலாளர்’ என்று எழுதிப் பாருங்கள், முறைப்பாடு மாதிரி இருக்கும்.

அப்புறம் அண்ணை எல்லா இடத்திலும் ‘த’ செருகினார், தன் பெயருக்கு முன்னாலும்.