தண்ணீர் தெறிக்காத பாய்ச்சல்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தோப்புக் கிணறு. மோட்டார் ரூம் மேலிருந்து ஒரு பையன் டைவ் அடித்தான். தண்ணீர் படிக்கட்டு வரை தெறித்தது.

மேலே வந்தவனுக்கு போனில் ஜப்பான் டைவிங் வீரர் ரிகுடோ தமாய் பாய்வதைக் காட்டினேன்.

"அண்ணா, தண்ணியே தெறிக்கல!"

எல்லாம் கையில்தான் இருக்கிறது. நாம் கும்பிடுவதுபோல் கைகளைக் கூராக வைத்துப் பாய்வோம். 10 மீட்டர் மேடையிலிருந்து பாய்கிறவர்கள் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தட்டையாகத் தண்ணீரை நோக்கி வைக்கிறார்கள். மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகம். அந்த உள்ளங்கை தண்ணீரில் போடும் துளைக்குள்ளேயே உடம்பு முழுக்கப் போய்விடுகிறது. மேலே கொஞ்சம் நுரை, அவ்வளவுதான்.

மணிக்கட்டு எத்தனை அடி வாங்கியிருக்கும்! நினைத்தாலே வலிக்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் மேடைப் போட்டியில் சீனாவின் சாவ் யுவான் தங்கத்தைத் தக்கவைத்தார். மகத்தான வீரர். ஆனால் என் மனம் தமாய் பக்கம்தான். 17 வயதில் வெள்ளி. டைவிங்கில் ஜப்பான் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான்.

நம் கிணற்றடிகளில் பயமில்லாத பசங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆழமான குளமும், முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆளும்தான் வேண்டும்.

பாலக்காடு, கோயம்புத்தூர் பக்கம் டைவிங் கற்றுக்கொடுப்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். நானே கூட்டிப் போகிறேன்.