இருமலுக்கு அடியில் இருந்த எழுத்து

"உங்கள் காதில் விழுந்தது எது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் மேலாளர்.

"எடுத்தார் என்றுதான் விழுந்தது" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது எங்கள் வேலை. ஏதோ ஓர் அலுவலகத்தின் உள்விசாரணை ஒலிப்பதிவு அது. சாட்சி "சாவியை அவர்தான்" என்று தொடங்கி முடிப்பதற்குள் பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள். நான் "எடுத்தார்" என்று தட்டச்சு செய்திருந்தேன். ஒப்புநோக்கிய தம்பி தயங்கித் தயங்கித்தான் கேட்டான்: "அண்ணா, இது 'கொடுத்தார்' இல்லையா? இருமல் சொல்லின் மேலேயே விழுகிறதே?" சொல் முடிந்த பிறகுதான் இருமல் என்று அடித்துச் சொன்னேன். என் அனுபவத்தை நம்பி மேலாளரும் அப்படியே அனுப்பிவிட்டார்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு இருமலை மட்டும் வெட்டி, அந்த இடத்தை மௌனமாக்கிக் கேட்டேன். "சாவியை அவர்தான்... டுத்தார்." அவ்வளவுதான் இருந்தது. முதல் எழுத்தே இல்லை. எடுத்தார், கொடுத்தார், தடுத்தார், எதை வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். ஒருவரைத் திருடராக்கவும் காப்பாற்றவும் ஓர் எழுத்து போதும்.

1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை நீக்கிவிட்டு, அங்கே இருமலை வைத்து 20 பேருக்குப் போட்டுக் காட்டினார். 19 பேர் எதுவும் விடுபடவில்லை என்றார்கள். இருமல் சரியாக எந்த இடத்தில் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதில் மௌனம் இருந்தால் மட்டும் ஓட்டை தெரிந்துவிடும். சத்தம் மறைத்ததை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சந்தைக் கூச்சலிலும் நம்மால் பேசிக்கொள்ள முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் என் காது பழுதில்லை, தன் வேலையைத்தான் செய்தது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் மூளை எதைக் கொண்டு நிரப்பியது? பதிவைத் தொடங்குமுன்பே "இது சாவி திருட்டு விவகாரம்" என்று யாரோ என்னிடம் சொல்லியிருந்தார்கள். தம்பிக்கு அது தெரியாது.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். திருத்தம் அனுப்பினோம். விசாரணை முடிவதற்கு முன் அது போய்ச் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐயம் வந்தால் "தெளிவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது எங்கள் விதி. இப்போதெல்லாம் தாராளமாகப் போடுகிறேன். பக்கத்துக்கு மூன்று நான்கு விழுகிறது, மேலாளர் முகம் சுளிக்கிறார். இதனால் என்ன பயன் என்றும் தெரியவில்லை. அன்று எனக்கு ஐயமே வரவில்லையே. "எ" அவ்வளவு தெளிவாகக் கேட்டது.