கடைசிப் பக்கத்தில் இருந்த பெயர்

அலுவலகத்தில் நடந்த முறைகேட்டைப் பற்றிப் புகார் கொடுத்த அரசு ஊழியர் ஒருவரோடு சில ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறேன். செய்த வேலை ஒன்று, அதற்கு இரண்டு முறை பில் போட்டுப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் கண்டுபிடித்த அவர், மேலிடத்துக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் அதன் நகல், "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற குறிப்போடு, அவர் யார்மீது புகார் சொல்லியிருந்தாரோ அதே அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தன.

யாரும் அவரை மிரட்டவில்லை. அவருக்குக் கோப்புகள் வருவது நின்றது, மேசை பதிவறைப் பக்கம் போனது, பத்து நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பிறகு இடமாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஒவ்வொன்றுக்கும் காட்ட ஒரு விதி இருந்தது என்பதுதான் இதில் கொடுமை. பழிவாங்கினார்கள் என்று ஊழியரே நிரூபிக்க வேண்டும் என்றால் அவரால் ஒருநாளும் முடியாது, ஏனென்றால் ஆவணங்கள் எல்லாம் எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் பிறப்பித்த ஆணை இதைத் திருப்பிப் போட்டது: புகார் கொடுத்தவர்மீது எடுத்த நடவடிக்கைக்கும் புகாருக்கும் தொடர்பில்லை என்பதை, நடவடிக்கை எடுத்தவரே நிரூபிக்க வேண்டும். என் பார்வையில் எந்த நாட்டுச் சட்டத்திலும் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்.

ஐக்கிய நாடுகள் அவை 2003 அக்டோபர் 31 அன்று ஊழலுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் 33-ஆவது பிரிவு தகவல் தருவோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினாலும், அதைச் சட்டமாக்குவது குறித்து நாடுகள் 'பரிசீலிக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 27 அன்று இந்திய நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாலைப் பணி ஊழலைப் பற்றிப் பிரதமருக்கு எழுதிய அவர், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. கொலைக்கான காரணம் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும், கேட்டுக்கொண்ட பிறகும் அந்த ரகசியத்தைக் காக்க முடியவில்லை என்பதில் மறுப்புக்கு இடமில்லை. 2004-இல் இந்திய அரசு இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2014-இல் தனிச் சட்டமும் வந்தது, ஆனால் அது நடைமுறைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

மொட்டைக் கடிதம் என்றால் குப்பைக்குப் போகிறது, பெயர் போட்டால் பெயர் கசிகிறது. புகாரைப் பெறும் இடத்திலேயே பெயருள்ள பக்கத்தைத் தனியே பிரித்து ஒரே ஒருவர் பொறுப்பில் பூட்டி வைத்துவிட்டு, விசாரணைக்கு விவரங்களை மட்டும் அனுப்புவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

முறைகேட்டைப் பற்றிப் புகார் கொடுக்க ஊழியர்களை ஊக்குவிப்பது என்றதும் பலரும் வெகுமதியைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1863-இல் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி, அரசை ஏமாற்றியவர்மீது வழக்குத் தொடுப்பவருக்கு, மீட்ட தொகையில் பொதுவாக 15 முதல் 30 விழுக்காடு வரை இன்று கிடைக்கிறது. வேலையையே பணயம் வைத்தவருக்கு அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் புகார் கொடுத்தவர் முதலில் எதிர்பார்ப்பது பதிலைத்தான். மேலே சொன்ன ஐரோப்பிய ஆணை ஏழு நாளுக்குள் ஒப்புகையும், மூன்று மாதத்துக்குள் என்ன செய்யப்பட்டது என்ற தகவலும் தரச் சொல்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு அவரைச் சந்தித்தேன். இடமாற்றத்தைப் பற்றியோ மெமோவைப் பற்றியோ அவர் பேசவில்லை. இரண்டாவது முறை எடுத்த பணத்தைத் திரும்பக் கட்டினார்களா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.