உப்பும் உறைபனியும்: காங்கிரீட் பலகைகள் இதுவரை

வீட்டு ஃப்ரீசரில் திரும்பத் திரும்ப உறையவிட்டு இளகவிடும் என் காங்கிரீட் பலகை உரிய ஆரம்பித்துவிட்டது. 3 சதவீத உப்புத் தண்ணீர் நிற்கும் பலகையின் மேல்தோல் நகக்கண் அளவுச் செதில்களாகக் கழன்று வருகிறது, அடியில் மணலும் தெரிகிறது. அதே கலவையில் போட்டு வெறும் தண்ணீர் நிறுத்திய பலகை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

ஊட்டி பக்கத்தில் எங்கள் தலைகுந்தாவில் டிசம்பர், ஜனவரி விடிகாலையில் புல்வெளி வெளேரென்று கிடக்கும். வெயில் ஏறினால் போயிற்று, பனியை இளக்கச் சாலைக்கு உப்புப் போடும் தேவையே இல்லை. டொராண்டோவில் இருக்கும் அக்காதான் ஒவ்வொரு வருஷமும், "வாசல் படி பூரா பொக்குப் பொக்கா உரியுதுடா தம்பி, உப்பு போடாம இறங்கவும் முடியல" என்பாள். அதன் காரணத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

முறை அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி672 சோதனையை (2021-இல் திரும்பப் பெறப்பட்டது) தழுவியது: பலகையைச் சுற்றி வரப்பு கட்டி, 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு உப்புநீர் நிறுத்தி, 16 முதல் 18 மணி நேரம் உறையவிட்டு, அப்புறம் வெளியே எடுத்து இளகவிட வேண்டும். அங்கே கால்சியம் குளோரைடு. நான் எடுத்தது சமையல் உப்பு.

உப்பு கூடக்கூட சேதமும் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. உப்பு கரையும் மட்டும் கரைத்து ஊற்றிய பலகையில் ஃப்ரீசரைத் திறந்தால் தண்ணீர் தளும்புகிறது, உறையவே இல்லை. அந்தச் செறிவில் மைனஸ் 21 டிகிரி வரை போக வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான். லேசான உப்புநீரோ உறைந்து, மேலே பனித்தகடாக ஒட்டிக்கொள்கிறது. குளிர் ஏற ஏறப் பனி காங்கிரீட்டைவிடச் சுமார் 5 மடங்கு சுருங்கும். உப்பு கலந்த பனிக்கு வலு குறைவு என்பதால் அது வெடிக்கிறது. அந்த வெடிப்பு கீழே இறங்கித் தோலையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. நல்ல தண்ணீரின் பனி கெட்டியானது, வெடிப்பதில்லை.

அடுத்தது பூச்சு. ஒரே கலவையில் இரண்டு பலகை. ஒன்றில், மேலே கசிந்த தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து கரணை போட்டேன். இன்னொன்றில், நம் கொத்தனார்கள் மழமழவென்று வர வேண்டும் என்று செய்வதுபோல, தண்ணீர் தெளித்துச் சிமெண்ட் பாலை இழுத்துத் தேய்த்தேன். இரண்டாவதுதான் முதலில் உரிந்தது. தண்ணீர் கூடிய மேல்தோல் பார்வைக்கு அழகு, ஆனால் வலுவே கிடையாது. அக்கா வீட்டுப் படியிலும் இதுதான் நடந்திருக்கும் என்று பலமாகச் சந்தேகிக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காற்றுக்குமிழிப் பலகை. காங்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்கும், கோவையிலிருந்து வாங்கி வந்த ஏர் என்ட்ரெயினிங் திரவம், சில சொட்டுதான். உடைந்த ஓரத்தை லென்ஸில் பார்த்தால் நுண்ணிய உருண்டைக் குழிகள் நெருக்கமாகத் தெரிகின்றன. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும், ஒதுங்க 0.2 மில்லிமீட்டருக்குள் ஒரு குழி இருந்தால் காங்கிரீட் பிழைத்துக்கொள்ளும். நம் இந்தியக் காங்கிரீட் விதியான ஐஎஸ் 456 (2000) கூட, உறைந்து இளகும் ஈரமான இடங்களில் 20 மில்லிமீட்டர் ஜல்லிக் கலவைக்கு 5 சதவீதத்தை ஒட்டிக் காற்று கேட்கிறது. வலு கொஞ்சம் குறையும்தான். குறையட்டும். இந்தப் பலகையில் இதுவரை லேசான தூசி மட்டுமே.

இனி அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த பலகை. உப்பு படும் காங்கிரீட்டில் சிமெண்ட் வகையறாவில் சாம்பல் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கக் காங்கிரீட் கழகமான ஏசிஐயின் விதி. அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று போட்டு, 28 நாள் ஈரச்சாக்கில் வைத்தபின் ஃப்ரீசரில் ஏற்றுவேன்.