‘இல்லை’ என்று வந்த முதல் அறிக்கை

டிரை கிளீனிங் கடை இயங்கிய மனையை வாங்கிய எங்களுக்கு, துணி வெளுக்கப் பயன்படும் கரைப்பானான பெர்க்ளோரோஎதிலீன் (சுருக்கமாக ‘பெர்க்’) மண்ணில் இல்லை என்று முதல் அறிக்கை வந்தபோது ஏற்பட்ட நிம்மதி இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. அறிக்கையைப் படித்த சுற்றுச்சூழல் அதிகாரி, “மண்ணை எடுத்தவுடன் மெத்தனாலில் இட்டீர்களா, வெறும் பாட்டிலில் அடைத்தீர்களா?” என்று கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வெறும் பாட்டிலில்தான் அடைத்திருந்தார்கள். அதுவும் தட்டில் கொட்டிக் கிளறிய மண்ணைப் பாதியளவு மட்டும் நிரப்பி. பெர்க் எளிதில் ஆவியாகும் கரைப்பான் என்பதால், ஆய்வகத்துக்குப் போய்ச் சேருமுன்பே பெரும்பகுதி காற்றோடு போயிருக்க வேண்டும். துளையிட்ட செலவு முழுவதும் வீணாயிற்று. ஆகவே மாதிரி எடுக்கும் நாளில் நீங்களே அருகில் நில்லுங்கள். மண்ணைக் கிளறாமல் சிறு குழாயால் குத்தியெடுத்து, பெர்க்கை ஆவியாக விடாமல் கரைத்துவைக்கும் மெத்தனால் உள்ள குப்பியில் உடனே இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் சுமார் 4 பாகைக் குளிரில் அனுப்புகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். மாதிரி கைமாறிய நேரமும் கையெழுத்தும் உள்ள தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

துளையிட்ட இடமும் தவறு. இயந்திரம் நின்ற மூலையை மட்டுமே பார்த்திருந்தார்கள். பழைய கட்டட வரைபடத்தைத் தேடியெடுத்த பிறகே, இயந்திரத்தில் பிரிந்த கழிவுநீர் பின்பக்கச் சாக்கடைக் குழாயில் விடப்பட்டது தெரிந்தது. அக்குழாயின் இணைப்பு ஒன்றின் அருகே துளையிட்டு உருளையாக எடுத்த மண்ணை நீளவாக்கில் பிளந்து, வாயு அளவியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். மணல் முழுவதும் அசையாதிருந்த எண், சாம்பல் நிறக் களிமண் தொடங்கிய இடத்தில் ஒரேயடியாக ஏறியது. பெர்க் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அடர்த்தியானது. நிலத்தடி நீரில் மிதக்காமல் கீழிறங்கி, இப்படிக் களிமண்ணின் மேல் தேங்கிவிடும். தேடியது அகப்பட்டதே என்று அன்று எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மேல்மண்ணை ஒரே வாரத்தில் அகற்றினோம், ஒரு லாரியைத் தவிர. அந்தக் குவியலுக்குரிய பரிசோதனை முடிவு இணைக்கப்படாததால், அபாயக் கழிவுக் கிடங்கின் வாசலிலிருந்து அது சுமையோடு திரும்பி வந்தது. குவியலுக்கு ஓர் எண் எழுதி, அதே எண்ணைத் தாள்களிலும் எழுதிய பிறகு இச்சிக்கல் வரவில்லை.

ஆழத்தில் இருந்த ஆவியைக் கிணறுகள் வழியே உறிஞ்சி, கரி வடிகட்டியில் செலுத்தினோம். 7 மாதத்தில் அளவு வெகுவாகக் குறைந்ததும் ஒப்பந்ததாரர் கருவிகளைக் கழற்ற வந்தார், நான் சம்மதிக்கவில்லை. கருவியை நிறுத்திச் சில வாரம் கழித்து அளந்தால்தான் களிமண்ணில் எஞ்சியிருப்பது வெளியே தெரியும். அளந்தோம், எண் மீண்டும் ஏறியிருந்தது. மேலும் 4 மாதம் ஓட்டினோம்.

நிலத்தடி நீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது பெர்க்கை மட்டும் கேட்காதீர்கள். அது சிதையும்போது உண்டாகக்கூடிய வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது என உறுதிசெய்யப்பட்ட பொருள். மண்ணிலிருந்து பெர்க் ஆவி உள்ளே புகுந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டின் காற்றை அளக்குமுன், டிரை கிளீனிங் செய்து வந்த துணிகளை அலமாரியிலிருந்து வெளியேற்றச் சொல்லுங்கள். அவற்றிலிருந்தும் பெர்க் ஆவி வரும்; எங்கள் முதல் அளவீட்டை அப்படியொரு கோட்டு கெடுத்துவிட்டது.

பணி முடிந்ததற்கான கடிதம் சென்ற மாதம் கைக்கு வந்தது. கண்காணிப்புக் கிணறுகள் இரண்டிலும் இன்னும் ஓராண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதில் நிபந்தனை உள்ளது. முதல் முறை எடுத்தபோது நான் குப்பிகளின் அருகிலேயே நின்றேன்.