கல்லீரல் கெடாமலே இரைப்பையில் ரத்தக்கசிவு: மண்ணீரல் சிரை அடைப்புக்கு நாங்கள் பெற்ற சிகிச்சை

ரத்த வாந்தியும் தார் மாதிரிக் கறுத்த மலமும் வந்து, எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புடைத்த சிரைகள் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுவது கல்லீரலைத்தான். எங்களுக்கு அந்தப் பரிசோதனைகள் எல்லாமே சரியாக இருந்தன. உணவுக்குழாயில் புடைப்பே இல்லை. இரைப்பையின் மேல்முனையில் மட்டும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மண்ணீரல் சிரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தச் சிரை கணையத்தின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. கணைய அழற்சியோ கட்டியோ வந்தால் அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். மண்ணீரலின் ரத்தம் இரைப்பைச் சுவரின் சின்னச் சிரைகள் வழியாகச் சுற்றிப் போக, அவை வீங்கி வெடிக்கின்றன.

முதல் வேலை ரத்தம் ஏற்றுவது. ஹீமோகுளோபின் 7-8 கிராம் அளவில் நின்றால் பொதுவாகப் போதும். அளவுக்கு மீறி ஏற்றினால் சிரையில் அழுத்தம் கூடி மறுபடி கசியும். எண்டோஸ்கோபிக்கு முன், இரைப்பையைச் சுருங்கவைத்துக் காலிசெய்யும் எரித்ரோமைசின் மருந்தை 250 மி.கி. சிரை வழியாகக் கொடுப்பதுண்டு. இரைப்பையில் தேங்கிய ரத்தக்கட்டிகள் கீழே இறங்கிவிட்டால்தான் மருத்துவருக்கு இடம் தெரியும். மேல்முனைச் சிரைகள் பெரியவை, சிரையைக் கட்டி அடைக்கும் ரப்பர் வளையம் சரியாகப் பிடிக்காது; அதனால் சயனோஅக்ரிலேட் பசையை ஊசியால் செலுத்தி அடைக்கிறார்கள்.

பசை தற்காலிகம்தான், மூலம் அப்படியே இருக்கிறது. குடல், மண்ணீரல் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது போர்ட்டல் சிரை; ஊசியில் ஏற்றிய சாய மருந்து அதை எட்டும் நேரத்தில் (போர்ட்டல் சிரைக் கட்டம்) எடுத்த சி.டி. ஸ்கேன்தான் அடைப்பைக் காட்டும். போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கக் கல்லீரலுக்குள் வைக்கும் டிப்ஸ் ஸ்டென்ட் என்ற குழாய் இங்கே உதவாது, ஏனென்றால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடவில்லை. மண்ணீரலை எடுத்துவிட்டால் அந்தச் சிரைகளுக்கு வரும் ரத்தமே குறைந்துவிடும். அறுவை தாங்காதவர்களுக்கு மண்ணீரல் தமனியை அடைக்கும் எம்போலைசேஷன் உண்டு. அதன் பிறகு வலி, காய்ச்சல் வரும், சில நேரம் மண்ணீரலில் சீழும் பிடிக்கும்.

மண்ணீரல் போனால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும், அதனால் தடுப்பூசியை மறந்தே விடக்கூடாது. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) ஆகிய மூன்று கிருமிகளுக்கான ஊசிகளையும் அறுவைக்கு 2 வாரம் முன்பே போட வேண்டும். அவசர அறுவை என்றால் 2 வாரம் கழித்து. மண்ணீரலை எடுத்த பிறகு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் ஏறும், போர்ட்டல் சிரையிலும் ரத்தம் உறையலாம். வயிற்றுவலி வந்தால் ஸ்கேன் கேளுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.